அஞ்சறைப்பெட்டி வங்கிக்கு உரிமம் கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
குடும்பத் தலைவி ஒருத்தி,
ராஸ்தா பேட், புணே.

பெறுநர்:
ஆளுநர் அவர்கள்,
இந்திய ரிசர்வ் வங்கி, மும்பை.

பொருள்: எங்கள் சமையலறையை வங்கியாக அங்கீகரித்து உரிமம் வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது எனத் தாங்கள் வெளியிட்ட 17.09.2013 நாளிட்ட சுற்றறிக்கை.

ஐயா,

குக்கரில் பருப்பு வைத்திருக்கிறேன். மூன்றாவது விசிலுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் வங்கிக்கு இடம் காலியாக இருக்கிறது. 1912-இல் தொடங்கிய ரூபீ கூட்டுறவு வங்கியை 2013-இல் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தீர்கள். பணம் போட்டவர்கள் அதை எடுக்க வரம்பு விதித்தீர்கள். ஒன்பது வருஷம் காத்திருக்க வைத்து, 2022 செப்டம்பரில் அதன் கதவைச் சாத்தினீர்கள். அடுத்த மாதமே பிம்பிரியின் சேவா விகாஸ் கூட்டுறவு வங்கிக்கும் அதே கதி. போதிய மூலதனம் இல்லை, சம்பாதிக்கும் வழியும் இல்லை என்று இரண்டுக்கும் காரணம் சொன்னீர்கள்.

எங்களிடமும் மூலதனம் பெரிதாக இல்லைதான். ஆனால் போட்ட பணத்தைக் கேட்ட அன்றைக்கே எடுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தங்கள் வைப்புக் காப்பீடு 5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. இங்கே முழுத் தொகைக்கும் என் மாமியார் பொறுப்பு.

நிர்வாகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். தங்கள் பணக் கொள்கைக் குழுவில் ஆறு பேர், ஆளுக்கு ஒரு வாக்கு. எங்கள் குழுவில் நான்கு பேர், மொத்தமே ஒரு வாக்கு, அது ஆளுநரான மாமியாருடையது. நான் துணை ஆளுநர், காசாளர், தணிக்கையாளர். போசரியில் வேலை பார்க்கும் என் கணவர் வைப்பாளர்; முதல் தேதி சம்பளத்தைக் கட்டியதும் அவர் அதிகாரம் முடிந்தது. ஹிஞ்சவடிக்குப் போய்வரும் மகன் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறான். காரணம் பின்னால் வருகிறது.

வங்கிகள் வைத்திருக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதத்தை 2025-இல் நான்கு தவணையாக 4 சதவீதத்திலிருந்து 3-க்கு இறக்கினீர்கள். கடன் கொடுக்க அவர்கள் கையில் தாராளமாகப் பணம் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். எங்கள் வங்கியில் அது 10 சதவீதம், இறக்குகிற பேச்சே இல்லை. சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கு தபால் ஆபீஸ் ஆர்.டி.க்குப் போய்விடும், அதற்கப்புறம்தான் மளிகைச் சீட்டு எழுத உட்காருவோம். செலவு போக மிஞ்சுவதைச் சேர்க்கலாமே என்று கணவர் ஒருமுறை தீர்மானம் கொண்டுவந்தார். எந்த மாதம் மிஞ்சியது என்று ஆளுநர் கேட்டார். தீர்மானம் தோற்றது.

மீதிப் பணம் அஞ்சறைப்பெட்டிக் கணக்குப்படி ஐந்தாகப் பிரியும்: வாடகை, மளிகை, மருந்து, பண்டிகை, ஊர்ப் பயணம். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பணத்தை மாற்ற ஆளுநரின் கையெழுத்து வேண்டும். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பாதி ஆசைகள் தாமே அடங்கிவிடும். அவசரத்துக்குக் கடைசிப் புகலிடமாகக் கட்டடத்துப் பெண்களின் பிஷி இருக்கிறது. தமிழ்நாட்டுச் சீட்டு மாதிரிதான், தள்ளுக் கழிவு கிடையாது. குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு. யார் வீட்டிலாவது ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அந்த மாதம் குலுக்குவதில்லை.

பணவீக்கத்துக்கு வருவோம். தங்கள் இலக்கு 4 சதவீதம். இரண்டு முன்னே பின்னே போகலாம். 2025 அக்டோபரில் அது வெறும் 0.25 என்று பேப்பரில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கிராணா கடைக்குப் போனேன். புணேக்காரர்கள் வாயைத் திறந்து வீணாக்குவதில்லை. எல்லாவற்றுக்கும் பலகை வைத்திருப்பார்கள். கடைக்காரர் பேப்பரைப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், தலைக்கு மேலே தொங்கும் பலகையைக் காட்டினார்: ‘ஆஜ் ரோக், உத்யா உதார்’. இன்று ரொக்கம், நாளை கடன்.

காய்கறி விலை இறங்கியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கூடையில் தேங்காயும் எண்ணெயும் இருக்கின்றன. அந்த வருஷம் தேங்காய் ஏறிய ஏற்றத்தில் சட்னி, விருந்தாளி வந்தால் அரைக்கும் பண்டமாகிவிட்டது. நாட்டின் கூடைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். சராசரியை வைத்துத் தாளிக்க முடியாது. அதோடு, பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருளாம். மகன் விளக்கினான். ஏறினது ஏறினபடி நிற்கும், இனி மெதுவாக ஏறும். இதற்குக் கைதட்ட வேண்டும்.

2023 ஜூலையில் தக்காளி ஆட்டிவைத்ததே, நினைவிருக்கிறதா? நாராயண்காவ் தக்காளிச் சந்தை எங்கள் மாவட்டத்திலேயே இருந்தும் எங்களுக்குச் சலுகை கிடைக்கவில்லை. அந்த மாதப் பணவீக்கம் 7.44. ஆகஸ்டில் தங்கள் குழு கூடி, ஆராய்ந்து, ரெப்போ விகிதத்தை 6.5-இலேயே விட்டுவைத்தது. எங்கள் குழு அடுப்படியில் கூடி, ரசத்துக்குத் தக்காளியை நிறுத்தி ஆம்சூல், அதாவது காய்ந்த கோகம் தோல், போட்டது. கொங்கணியம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்த வழி. சிவப்பும் வந்தது, புளிப்பும் வந்தது. எங்கள் நடவடிக்கை அன்று ராத்திரியே பலன் தந்தது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

கொள்முதல் கொள்கை இது. வருஷத்துக்கான கோதுமை, மிளகாய், பருப்பை இங்கே மராட்டி வீடுகளில் கோடையிலேயே வாங்கிக் காயவைத்து மூடிவிடுவார்கள். நாங்களும் பழகிக்கொண்டோம். மார்க்கெட் யார்டின் புசார் பஜாரில் மூட்டையாக எடுத்து, கட்டடத்தில் நாலு வீடு பங்கிட்டுக்கொள்வோம். பொன்னி அரிசி பண்டிகைக்கு, தினப்படிக்குக் கோலம் ரகம். எண்ணெய்ப் பாக்கெட் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உயரம் ஒன்றுதான். ஒன்றில் 910 கிராம், ஒன்றில் 850, இன்னொன்றில் அதற்கும் கீழே. ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிடச் சட்டம் இருக்கிறது, அச்சிட்டும் இருக்கிறார்கள். எறும்பு படிக்கிற எழுத்தில்.

மகன் ஒருநாள் கைபேசியில் தட்டி, பத்து நிமிஷத்தில் கொத்தமல்லி வரவழைத்தான். பில்லைத் தணிக்கை செய்தேன். கொத்தமல்லி ஒரு வரி. அதற்குக் கீழே கையாளும் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம், டெலிவரி கட்டணம், இவற்றுக்கெல்லாம் வரி. கொத்தமல்லி தன் பரிவாரத்தோடு வந்திருந்தது. மகாத்மா புலே மண்டயிச் சந்தைக்குச் சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் அதே காசுக்குப் பெரிய கட்டாகக் கிடைக்கும், கறிவேப்பிலை கொசுறு. அங்கே விற்கும் பெண்மணி என்னைக் கையாண்டதற்குக் கட்டணம் கேட்டதில்லை, நான் பேரம் பேசுவதைப் பார்த்தால் கேட்க வேண்டியவர்தான்.

வீட்டுச் செலவை எண்ணுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. எங்கள் கோகலே இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த தாண்டேகரும் நீலகண்ட ராத்தும் 1971-இல் இந்தியாவின் வறுமையைக் கணக்கிட்டார்கள். ஒருவருக்கு நாளுக்கு 2,250 கலோரி கிடைக்க, 1960-61 விலையில் கிராமத்தில் மாதம் 15 ரூபாய், நகரத்தில் 22 ரூபாய் 50 காசு வேண்டும் என்று எழுதினார்கள். அரிசி, பருப்பு, துணிமணி என்று பார்த்துப் பார்த்து எண்ணிய காலம். அன்றைய நோட்டுப் புத்தகங்களில் இல்லாத ஓர் இனம் இன்று முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது: தவணை.

இனி பார்வையில் கண்ட சுற்றறிக்கை. பூஜ்ய வட்டி என்பது இல்லாத ஒன்று, அதைக் காட்டி ஆள்பிடிக்காதீர்கள் என்று தாங்கள்தான் வங்கிகளுக்கு எழுதினீர்கள். எழுதியவர் லக்ஷ்மி ரோட்டில் தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கடைக்குக் கடை ஆளுயரத்துக்குப் பூஜ்யம். மகன் பார்த்துவைத்த கைபேசி 24,000 ரூபாய், மாதம் 4,000 வீதம் ஆறு தவணை, வட்டி 0. மாமியார் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ரொக்கம் கொடுத்தா எவ்வளவு?” 1,200 குறையும் என்றார் அவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு. தவணை என்றால் அந்தத் தள்ளுபடி போச்சு. நடைமுறைக் கட்டணம் 299, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 352 ரூபாய் 82 காசு.

வீட்டுக்கு வந்து காலநிர்ணய் காலண்டரின் பின்பக்கத்தில், பால் கணக்குக்குக் கீழே போட்டுப் பார்த்தோம். பூஜ்யத்தின் விலை 1,552 ரூபாய் 82 காசு. ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறத்தாழ 23 சதவீதம். சட்டப்படி யார் மேலும் குற்றமில்லை. சுற்றறிக்கை வங்கிக்கு, பலகை கடைக்காரருக்கு, வட்டியைத் தள்ளுபடியாக ஈடுகட்டுவது கம்பெனி. எல்லாரும் விதிப்படி நடக்கிறார்கள், பணம் மட்டும் எங்களுடையது.

மகன் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கும் காரணமும் இதுதான். சம்பளம் வந்த நாளிலிருந்து 140-இல் தொடங்கும் எண்கள் அவனை விட்டபாடில்லை. ‘உங்களுக்குக் கடன் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டுவிட்டது.’ யார் கேட்டார்கள், யார் அனுமதித்தார்கள் என்கிறார் மாமியார். அவர் காலத்தில் கடன் கேட்கிறவன்தான் திண்ணையில் காத்துக்கிடப்பான். கேட்காமல் கடன் அட்டை தரக்கூடாது என்று 2022-இல் விதி போட்டீர்கள், நன்றி. இப்போது வேண்டாம் என்று சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் சேமிப்புக் கணக்குக்குப் பெரிய வங்கிகள் தருவது 2.5 சதவீதம். மகனுக்கு நீட்டுகிற கடன் அட்டையில் பாக்கி வைத்தால் மாதம் மூன்றரை, வருஷத்துக்கு 42. தாயிடம் 2.5-க்கு வாங்கி, அடுத்த அறையில் மகனுக்கு 42-க்கு விற்கிற வியாபாரம், நடுவில் ஒரு சுவர்தான்.

இதற்கெல்லாம் மசியாத எங்களுக்கு என்ன மரியாதை? கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு 300-லிருந்து 900 வரை மதிப்பெண் உண்டு. வாழ்நாளில் கடனே வாங்காத மாமியார் மதிப்பெண் போட லாயக்கில்லாதவர், வரலாறு இல்லையாம். வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல்முறை கடன் கேட்பவரை விரட்டாதீர்கள் என்று வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். கடன் கேட்டு வருகிறவருக்கு ஆறுதல் கிடைத்தது. கேட்காமலே இருப்பவருக்கு ஒரு சான்றிதழாவது கொடுங்கள்.

வரலாறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி விலை ஏறியபோது இந்தத் தக்காணத்துக் குடியானவர்களுக்கு வட்டிக்கடைக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தார்கள். 1865-இல் போர் முடிந்து விலை சரிந்ததும் கொடுத்த கை கழுத்தைப் பிடித்தது. 1875 மே 12-ஆம் தேதி, எங்கள் மாவட்டத்துச் சுபே கிராமச் சந்தையில் கூடியவர்கள் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் பிடுங்கி எரித்தார்கள். அதன் பிறகே வெள்ளைக்காரனுக்குப் புத்தி வந்து, 1879-இல் சட்டம் போட்டான். பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே நம்பாமல், அசல் எவ்வளவு, குட்டி போட்டது எவ்வளவு என்று தோண்டிப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்தது. நான் கலவரத்தைத் தூண்டவில்லை. தூண்டினாலும் எரிக்கப் புத்தகம் இல்லை. கணக்கெல்லாம் எந்த ஊர் சர்வரில் இருக்கிறதோ.

தாங்களும் தோண்டிக் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்ற விவரக் குறிப்பை ஒவ்வொரு புதிய சில்லறைத் தவணைக் கடனுக்கும் தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து கட்டாயம். தருகிறார்கள். கைபேசித் திரையில் அது வந்து நிற்பதற்குள் ‘ஏற்கிறேன்’ பொத்தானைக் கட்டைவிரல் அமுக்கிவிடுகிறது.

ஆகவே உரிமத்தோடு சேர்த்து மூன்று கோரிக்கைகள். ஒன்று, பலகையில் பூஜ்யம் எந்த அளவோ, அதே அளவில் உண்மையான ஆண்டு வட்டியையும் எழுத வைக்க வேண்டும். இரண்டு, தவணை விலைக்குப் பக்கத்தில் ரொக்க விலையும் தொங்க வேண்டும்; கேட்டால்தான் சொல்வது, அதுவும் காதோடு சொல்வது கூடாது. மூன்று, மகனுக்குக் கடன் கொடுக்கக் கூப்பிடுகிறவர்கள் முதலில் வீட்டு ஆளுநரிடம் பேசி அனுமதி பெற வேண்டும். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை அவர் தூங்குவார், இது புணே.

உரிமம் தர விதியில் இடமில்லை என்றால் பரவாயில்லை, எங்கள் வங்கி நேற்றும் நடந்தது, நாளையும் நடக்கும். ஆனால் சிக்கனமாக இருங்கள், யோசித்துக் கடன் வாங்குங்கள் என்று விளம்பரத்தில் எங்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன்னால், தாங்கள் எழுதிய சுற்றறிக்கையை லக்ஷ்மி ரோட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் செலவை மளிகைக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துணை ஆளுநர், அஞ்சறைப்பெட்டி வங்கி (உரிமம் நிலுவையில்)

நகல்: மகனுக்கு, தகவலுக்காகவும் உடனடி நடவடிக்கைக்காகவும்.