டென்ட்டுக்குள் மூட்டை, திண்ணையில் நாங்கள்

பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி வந்த என் மச்சான் தோளில் ஒரு நீளப் பை தொங்கியது. "டென்ட் மாமா! ரெண்டு பேர் படுக்கலாம். மொத்தமே மூணு கிலோ. இதை மாட்டிக்கிட்டு கல்வராயன் மலை ஏறிட வேண்டியதுதான்" என்றான். மூன்று கிலோ என்ற சொல்லை அம்மா கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். அப்படியானால் மூட்டையில் நிறைய இடம் மிச்சம் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் குடும்பத்துக்கு மூட்டை கட்டுவது ரத்தத்தில் ஊறியது. தாத்தா காலத்தில் ஹோல்டால் என்று ஒன்று இருந்தது. கித்தானை விரித்து, மெத்தை, தலையணை, வேட்டி, செருப்பு, பஞ்சாங்கம் என்று அடுக்கிச் சுருட்டி, வாரை இறுக்குவதற்கு ஆள் மேலே ஏறி உட்கார வேண்டும். அந்தப் பதவியில் ஆறு வயதுவரை நான் இருந்திருக்கிறேன்.

அம்மாவின் வேலை விடியற்காலை நாலு மணிக்குப் புளியோதரையில் தொடங்கியது. இதில் மட்டும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாதத்தை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியால் ஆற வைத்தார். சூட்டோடு கட்டினால் ஆவி வேர்த்து ஊசிப்போகும். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுண்ட வைத்தார். தேங்காயை அந்தப் பக்கமே வரவிடவில்லை. தண்ணீர் சுண்டி, புளியும் உப்பும் எண்ணெயும் சேர்ந்துவிட்டால் சோறு இரண்டு நாள் தாங்கும். வாழையிலையைத் தணலில் வாட்டி, கிழியாத பதம் பார்த்து மடித்துக் கட்டினார். தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர். போய்ச் சேருவதற்குள் அது தானே உறைந்துகொள்ளும், புளிக்காது. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

"மலையில சோறு வேகாதுடா. குக்கர் எடுத்துக்கோ" என்றார்.

இமயமலையில் என்றால் சரி. கல்வராயன் பெரும்பாலும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி வரைதான். ஏறத்தாழ முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலை குறையும். அந்தக் கணக்கில் அங்குள்ள வெள்ளிமலையில் தண்ணீர் 97 டிகிரியில் கொதிக்கும், அரிசி அதையெல்லாம் சட்டை செய்யாது என்று விளக்கினேன். "டிகிரியை வெச்சு சோறாக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு அஞ்சு லிட்டர் குக்கரை மூட்டைக்குள் இறக்கினார். குக்கர் போனதால் அரிசி போனது. அரிசி போனதால் பருப்பு. பருப்பு இருக்கும்போது அரிவாள்மணை இல்லாமல் எப்படி? சுக்கு, ஓமத்திரவம், கற்பூரம், கொசுவர்த்தி, ஆளுக்கொரு குடை. என் மனைவி தன் பங்குக்கு நாலு தலையணை வைத்தாள். "உங்களுக்கு வேற தலையணையில தூக்கம் வராதுங்க." பிளாஸ்டிக் பைக்கு 2019-லேயே தடை வந்துவிட்டது என்பதால் எல்லாம் மஞ்சப்பையில்தான். ஏழு மஞ்சப்பை, இரண்டு சூட்கேஸ், ஒரு குடம், அந்த டென்ட்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் எங்களையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "முகூர்த்தமா சார்?" என்றார். லக்கேஜுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார். கச்சிராயபாளையம் தாண்டி, 46 அடி கோமுகி அணையைக் கடந்து, வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்பக் குடம் மட்டும் சீட்டுக்கடியில் உருண்டு எல்லோர் காலையும் விசாரித்தது.

மேகம் அருவிப் பக்கம் டென்ட் அடிக்க வேண்டும் என்பது மச்சானின் கனவு. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிய பிறகு கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு மரவள்ளி விவசாயியின் பட்டா நிலத்தில், அவர் வீட்டு வாசலிலேயே இறங்கினோம். அவர் மூட்டைகளை எண்ணி முடித்துவிட்டு, "வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா சார்?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமான கவலை.

டென்ட் என்னவோ பத்து நிமிடத்தில் எழுந்து நின்றது. மச்சான் செல்ஃபி எடுத்தான். பொழுது சாய்ந்ததும் மனைவி வானத்தைப் பார்த்தாள். "பனி இறங்குது. மூட்டையெல்லாம் நனைஞ்சிடும்." ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசித் தலையணையையும் திணித்து ஜிப்பை இழுத்தபோது ஹோல்டால் ஞாபகம் வந்தது. அதே போல் ஒரு பக்கம் முழங்காலால் அழுத்த வேண்டியிருந்தது. இரண்டு பேர் படுக்கக்கூடிய டென்ட்டில் அஞ்சு லிட்டர் குக்கர் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. நான், மனைவி, மச்சான் மூன்று பேரும் திண்ணையில்.

புளியோதரையை அந்த வீட்டுக்காரர்களும் சாப்பிட்டார்கள். பதிலுக்குச் சாமைச்சோறும் சூடான குழம்பும் வந்தன. வீட்டுப் பெரியவர் எங்கள் டென்ட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்பல்லாம் ரோடு ஏது? கடுக்காய் மூட்டையைத் தலையில வெச்சு நடந்தே கீழ எறங்குவோம். ஏறும்போது உப்பும் மண்ணெண்ணெயும். ஒரு படி உப்பு கூட வாங்கிட்டா பாதி மலையில கழுத்து சொல்லிடும்." அவர் சொன்னது இந்த மலையை ஜாகீர்தார்கள் ஆண்ட காலம், அந்த ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டதே 1976-ல்தான். எங்கள் கழுத்து எதுவும் சொல்லவில்லை. நாங்கள்தான் டிக்கெட் வாங்கிவிட்டோமே.

பேசிக்கொண்டிருந்தவர் எழுந்தார். காட்டுப்பன்றி வருமாம், விடியும்வரை கொல்லையில் காவல். கொடியில் கிடந்த கம்பளியை உருவித் தோளில் போட்டார். கொடுவாள், டார்ச், இடுப்பில் வெற்றிலைப் பை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இருட்டுக்குள் போய்விட்டார். என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குளிர் அடித்தது. போர்வை எங்கே என்று மச்சான் கேட்டான். டென்ட்டில், குக்கருக்கு அடியில் இருந்தது.

மறுநாள் கிளம்பும்போது அவர்கள் பதினைந்து கிலோ மரவள்ளிக் கிழங்கும் ஒரு படி சாமையும் ஒரு பாட்டில் தேனும் கட்டி வைத்திருந்தார்கள். மறுக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. எதையாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். குக்கர் அம்மாவின் சீர். தலையணை மனைவியின் சீர். யாருடைய சீரிலும் சேராத பொருள் ஒன்றுதான் இருந்தது. மச்சான் பஸ் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அது கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்தான்.

போன வாரம் அந்த விவசாயி போன் செய்தார். "டென்ட் ரொம்ப உபயோகமா இருக்கு சார். கோழி அடை வெச்சோம், கீரி உள்ள பூர முடியல. பதினொரு குஞ்சு."