ஹெல்மெட் உண்டு, சட்டை இல்லை

போன முகூர்த்தத்தில் திருச்செந்தூரில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என் 1871-ஆம் வருஷத்து விக்டோரியா ராணி தங்கக் காசை அத்தையிடம் காட்டித் தொலைத்தேன். "ஏல, எட்டு கிராம் இருக்குமா? ஒரு வளையத்தப் பத்த வச்சிரு, மருமவ கழுத்துல போடலாம்லா" என்றாள். பின்பக்கக் கேடயத்தில் ஏழு சிங்கமும் ஒரு யாழும் இருக்கின்றன. ஒன்றையும் பார்க்கவில்லை. இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கேடயக் காசு ஏன் உசத்தி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், அதே வருஷம் மறுபடி காசில் ஏறிய செயின்ட் ஜார்ஜ் ஆசாமியை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

குதிரைமேல் இருக்கிறார், கீழே ஒரு டிராகன். தலையில் ஹெல்மெட், தோளில் பறக்கும் துண்டு, மற்றபடி பிறந்தமேனி. திருச்செந்தூர் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும். அந்த வகையில் அவருக்குத் தடையில்லை. வேட்டிதான் இடிக்கும். 1817-இல் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலிக்காரர் செதுக்கியபோது கையில் முறிந்த ஈட்டி. 1821-இல் வாள் கொடுத்தார்கள். அதுவும் பாக்குவெட்டி அளவுதான். டிராகனைத் தொட வேண்டுமானால் மனிதர் குதிரையை விட்டு இறங்கியாக வேண்டும். இருநூறு வருஷமாக இறங்கவில்லை. டிராகனும் சாகவில்லை. எங்கள் கடற்கரையில் யானைமுகன், சிங்கமுகன் என்று வரிசையாக வந்தாலும், சூரன் மாமரமாகவே நின்றாலும், சஷ்டியன்று ஒரே சாயங்காலத்தில் காரியம் முடிந்துவிடும். தோற்றவனுக்கு மயில், சேவல் என்று நிரந்தர உத்தியோகம் வேறு. 1918-இல் இதே காசைப் பம்பாயிலேயே அச்சடித்தார்கள். அத்தனை துணி மில் இருந்த ஊரில்கூட அவருக்கு ஒரு முழம் கிழித்துக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கேடயத்துக்கு வருகிறேன். அதன் மதிப்பு தெரிந்துகொள்ளத்தான் ஒரு நகைக்கடைக்குப் போனேன். வருஷத்தைப் படிப்பார், பூதக்கண்ணாடி எடுப்பார் என்று பார்த்தால், கடைக்காரர் டப்பியைத் திறந்து, காசை எடுத்து, நான் வாய் திறப்பதற்குள் உரைகல்லில் சர்ரென்று ஒரு இழுப்பு. "இருபத்திரண்டு கேரட்தான். எட்டு கிராம் முழுசா நிக்கல. உருக்கிரலாமா?"

ஏழு சிங்கம் இருந்து என்ன பிரயோஜனம்? ஒன்றுகூட அந்த ஆளைக் கடிக்கவில்லை.