நடுநிலைக் கடிகாரத்துக்கு ஓர் உபசாரப் பத்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதித் தேர்தல் விவாத ஆணையத்தைச் சேர்ந்த கனம் பொருந்திய தலைவர்களுக்கும் அங்கத்தினர்களுக்கும், கடல் கடந்த தேசத்துத் தொலைக்காட்சி ரசிகர்கள் அநேக நமஸ்காரங்களுடன் சமர்ப்பித்துக்கொள்வது.

1987ஆம் ஆண்டில் பிறந்து, உலகத்தின் மிகப் பெரிய உத்தியோகத்துக்குப் போட்டியிடும் அபேட்சகர்களை ஒரே மேடையில் நிறுத்தித் தேர்தலுக்குத் தேர்தல் பேசவைத்து வந்த தங்களை, 2022ல் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு கைவிட்டதையும், 2024ல் இரு தரப்பாருமே தங்களைக் கேளாமல் தொலைக்காட்சி நிலையங்களோடு நேரே பேசி முடித்துக்கொண்டதையும் கேள்வியுற்று நாங்கள் வருந்தினோம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு விண்ணப்பமும், ஓய்ந்து உட்கார்ந்தவர்களுக்கு உபசாரப் பத்திரமும் எழுதுவது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். தவிரவும், ஓய்ந்து உட்கார்ந்தவர்கள்தாம் கடிதங்களைக் கடைசி வரி வரையில் வாசிக்கிறார்கள்.

தங்களுடைய குணாதிசயங்களில் நாங்கள் போற்ற விரும்புவது நடுநிலை. அதன் ஜனன விருத்தாந்தமே ரசமானது. அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்த அதே 1920ஆம் ஆண்டில் தோன்றிய பெண் வாக்காளர் சங்கம், 1976, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இந்த விவாதங்களை நடத்திவந்தது. 1988ல் இரு பிரசாரக் குழுக்களும் தமக்குள் கூடி, யார் கேள்வி கேட்பது, மண்டபத்தில் யார் உட்காருவது என்பது வரையில் எழுதி முடித்த உடன்படிக்கையைக் கொண்டுவந்து நீட்டியபோது, மக்களின் கண்ணில் மண்ணைத் தூவுகிற காரியத்துக்கு உடந்தையாக இருக்கச் சம்மதியோம் என்ற கருத்துப்பட அறிக்கை விட்டுவிட்டு, அந்தப் பெண்கள் அக்டோபர் 3ந் தேதி விலகிக்கொண்டார்கள். அவர்கள் நடத்துவதாக இருந்த லாஸ் ஏஞ்சலஸ் விவாதத்தை, இரு கட்சிகளின் தலைவர்களும் சேர்ந்து நிறுவிய தாங்கள் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டீர்கள். கட்சிகளுக்கு நடுவே இருப்பதுதான் நடுநிலை என்றால், இரண்டு கட்சிகளுக்கும் பிறந்த பிள்ளையைவிட நடுவே இருப்பவர் வேறு யார்?

அந்த லாஸ் ஏஞ்சலஸ் விவாதத்தில், 13ந் தேதி இரவு, நெறியாளர் பெர்னார்ட் ஷா கேட்ட முதல் கேள்வியை நாங்கள் மறக்கவில்லை. ஜனநாயகக் கட்சி அபேட்சகர் மைக்கேல் டுகாகிஸின் மனைவி கிட்டி டுகாகிஸ் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டால், கொலைகாரனுக்கு மரண தண்டனை விதிப்பதை அவர் ஆதரிப்பாரா என்பது கேள்வி. உயிரோடும் சுகத்தோடும் இருந்த ஒரு ஸ்திரீயை, அவளுடைய கணவன் தண்டனைச் சட்டத்தைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்தைச் சோதிக்கும் நிமித்தம், கோடிக்கணக்கான ஜனங்களின் முன்னிலையில் ஒரு வாக்கியத்தில் கொன்று காட்டியது அந்தக் கேள்வி. அன்று உடன் கேள்வி கேட்க அமர்ந்திருந்த மற்ற மூவரும் பெண்கள். அந்தப் பெயரையாவது விட்டுவிடுங்கள் என்று அவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டதாகப் பிற்பாடு செய்தி வந்தது. டுகாகிஸ் பதறாமல் விடை சொன்னார் என்று தேசம் அவரைக் குறை கூறிற்று. கேள்வியை விசாரித்தவர்களைவிட விடையை விசாரித்தவர்களே அதிகம்.

நெறியாளர் ஆசனத்தின் சரித்திரத்திலும் தங்கள் நிதானம் விளங்குகிறது. 1992ல் ரிச்மண்டில் கரோல் சிம்ஸன் என்னும் கறுப்பினப் பெண்மணி ஒரு ஜனாதிபதி விவாதத்தை நடத்தினார். அதற்குப் பிறகு அந்த ஆசனத்தில் இன்னொரு பெண் உட்காருவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் பெண்களே கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 2004லும் 2008லும் க்வென் ஐஃபில் அம்மையாருக்கு உப ஜனாதிபதி விவாதங்களைக் கொடுத்தீர்கள். 1996லும் 2000லும் நடந்த ஐந்து ஜனாதிபதி விவாதங்களையும் ஜிம் லேரர் என்ற ஒருவரே நடத்தினார். அவர் யோக்கியர்தாம், சந்தேகமில்லை; ஆனால் ஒரே மனிதர் ஐந்து முறை யோக்கியராக இருந்ததும், ஒரு பெண் ஒரு முறையாவது யோக்கியதை பெறாமல் போனதும் எப்படி என்பதை 2012ல் நியூஜெர்ஸியைச் சேர்ந்த மூன்று பள்ளி மாணவிகள் லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களோடு கேட்க வேண்டியதாயிற்று. தங்கள் காரியாலயத்தை ஆரம்பம் முதல் நிர்வகித்து வந்தவர் ஜேனட் பிரவுன் என்ற பெண்மணி என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நாங்களும் பக்ஷபாதிகள் ஆவோம். சொல்லிவிட்டோம்.

அந்த 2012ஆம் வருஷம் ஆசனம் ஏறிய காண்டி க்ரௌலி, லிபியாவில் நடந்த தாக்குதலைப் பற்றி ஒபாமா இன்னது சொல்லியிருந்தார் என்று, பதிவில் உள்ளபடியே ஒரு வாக்கியம் சொன்னார். எதிர் அபேட்சகர் ராம்னி கூறிய மற்றொரு விஷயம் சரி என்றும் உடனே சேர்த்துச் சொன்னார். முதல் வாக்கியத்துக்காகப் பக்ஷபாதி என்ற பட்டம் கிடைத்தது. இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் விழவில்லை.

கட்சிகளின் உட்போட்டி விவாதங்கள் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல என்பதை அறிவோம். எனினும் ஒரு தொழிலின் மூத்தவர்கள் என்ற முறையில், அங்கே நடந்தவற்றைத் தங்கள் சமுகத்தில் வைப்பது தகும். 2007 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஹிலாரி கிளிண்டனிடம் கேட்கப்பட்ட கடைசிக் கேள்வி, வைரம் பிடிக்குமா முத்துப் பிடிக்குமா என்பது. கேட்டவர் ஒரு மாணவி. யூக்கா மலையில் அணுக்கழிவைப் புதைப்பதைப் பற்றிக் கேட்கவே தாம் விரும்பியதாகவும், நிலையத்தார் வைரத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும் அவர் பின்னர் எழுதினார். நெவாடா மாகாணத்தின் மண்ணுக்கடியில் என்ன புதைக்கப்போகிறார்கள் என்பதைவிட, ஒரு ஸெனட்டரின் கழுத்தில் என்ன தொங்கப்போகிறது என்பது தேச நன்மைக்கு உகந்த கேள்வியாகத் தோன்றியிருக்கிறது.

2015 டிசம்பரில் நியூஹாம்ப்ஷயரில் நடந்தது இதைவிட நுட்பமானது. மேடையிலிருந்து பெண்களுக்கான கழிப்பறை ஆண்களுடையதைவிடத் தொலைவில் இருந்தது. இடைவேளை முடிந்தது, ஆண்கள் இருவரும் வந்து நின்றார்கள், கிளிண்டனின் இடம் வெறுமையாக இருக்கவே, நெறியாளர்கள் விவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். அவர் நடந்து வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். கடிகாரத்தின் மேல் யாதொரு குற்றமும் சொல்வதற்கில்லை. எல்லோருக்கும் ஒரே இடைவேளை, ஒரே விநாடிமுள். தூரத்தைக் கட்டிடம் கட்டியவன் தீர்மானித்துவிட்டான். அதே இரவில், ஜனாதிபதியின் துணைவர் வெள்ளை மாளிகையின் விருந்துப் பட்டியலையும் மலர் அலங்காரத்தையும் மேற்பார்க்கும் வழக்கத்தை மாற்றும் காலம் வந்துவிட்டதா என்ற கேள்வியும் அவருக்கே கேட்கப்பட்டது. கேட்டவர் ஒரு பெண் நெறியாளர் என்பதால், ஆசனத்தில் பெண்ணை அமர்த்திவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் சற்று யோசிக்கலாம்.

2019 டிசம்பரில், பண்டிகைக் காலத்தை உத்தேசித்து, சக அபேட்சகருக்குப் பரிசு கொடுங்கள் அல்லது அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று ஜனநாயகக் கட்சி மேடையில் நின்ற ஏழு பேருக்கும் பொதுவாக ஒரு கேள்வி விடப்பட்டது. ஐந்து ஆண்களும் பரிசு கொடுத்தார்கள். ஒருவர் தாம் எழுதிய புத்தகத்தையே கொடுத்தார். எலிஸபெத் வாரனும் ஏமி க்ளோபஷாரும் மன்னிப்புக் கேட்டார்கள். சில வேளைகளில் தங்களுக்கு ஆவேசம் வந்துவிடுகிறதாம். இத்தனை சமத்துவமான கேள்வியை நாங்கள் கண்டதில்லை. விடையை யாரும் வற்புறுத்தவில்லை. அந்தப் பெண்கள் எது எடுபடும் என்று அரசியலில் நெடுங்காலம் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மாதமே, ஒரு பெண்ணால் ஜெயிக்க முடியாது என்று தாம் வாரனிடம் ஒருபோதும் சொல்லவில்லை என்று சக அபேட்சகர் பெர்னி ஸாண்டர்ஸ் மேடையில் மறுத்தார். மறுப்பு முடிந்த மாத்திரத்தில், அவர் அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று வாரனைக் கேட்டார் நெறியாளர். சபையில் சிரிப்பு எழுந்தது. பெண்ணின் பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றிய இந்தக் கேள்வியையும் நாங்கள் பக்ஷபாதமென்றே எண்ணுகிறோம். வாதியையும் பிரதிவாதியையும் கேட்குமுன்பே தீர்ப்பை எழுதிவிட்டுக் கேட்ட கேள்வி அது. மேடையில் நின்ற ஆண்கள் எல்லோரும் சேர்ந்து பத்துத் தேர்தல்களில் தோற்றிருக்கிறார்கள், தோல்வியே அறியாதவர்கள் இங்குள்ள இரண்டு பெண்கள்தாம் என்று வாரன் கணக்குச் சொல்லிச் சமாளித்தார்.

இனித் தங்கள் சொந்த மண்டபத்துக்கு வருவோம். 2016ல் தாங்கள் நடத்திய மூன்று ஜனாதிபதி விவாதங்களிலும் டொனால்ட் டிரம்ப் கிளிண்டனின் பேச்சில் வேண்டியபோதெல்லாம் குறுக்கிட்டார். செயிண்ட் லூயியில் கிளிண்டன் பேசிக்கொண்டிருக்க, டிரம்ப் அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து வந்து நின்றார். குறுக்கே பேசாதீர்கள் என்று சொன்ன நெறியாளர்கள், நிற்கிற இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விதிகளில் அதற்கு இடமில்லை போலும். மூன்றாவது விவாதத்தில், சமூகக் காப்பு நிதியைப் பற்றி அந்த அம்மையார் பேசிக்கொண்டிருக்கையில், எப்பேர்ப்பட்ட கெட்ட பொம்பளை என்ற பொருளில் டிரம்ப் ஒலிவாங்கியில் குனிந்து ஒரு வார்த்தை விட்டார். இத்தனைக்கும் பிறகு, ஒலிவாங்கியை அடைக்கலாம் என்ற யோசனை தங்களுக்கு உதிக்கவில்லை. மின்சாரச் சாதனங்களைப் பற்றிய ஞானம் அக்காலத்தில் அவ்வளவு விருத்தியாகவில்லை என்றே கொண்டோம்.

ஞானம் 2020 செப்டம்பர் 29ந் தேதி கிளீவ்லாந்தில் உதயமாயிற்று. அன்று குறுக்கீட்டுக்கு ஆளானவர் ஜோ பைடன். கூடவே நெறியாளர் கிறிஸ் வாலஸும் அவதிப்பட்டார். மறுநாளே, ஒழுங்கை நிலைநாட்ட மேற்கொண்டு ஏற்பாடுகள் தேவை என்று தாங்கள் அறிவித்தீர்கள். அக்டோபர் 19ந் தேதி ஏற்பாடு வெளியாயிற்று. 22ந் தேதி நாஷ்வில்லில், ஒருவர் தமக்குரிய இரண்டு நிமிஷத்தில் பேசும்போது மற்றவருடைய ஒலிவாங்கி அடைபட்டது. மூன்று வாரத்தில் முடிந்த காரியம்.

இந்த மூன்று வாரத்துக்கு நடுவே, அக்டோபர் 7ந் தேதி, ஸால்ட் லேக் நகரத்தில் ஓர் உப ஜனாதிபதி விவாதம் இருந்தது. மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரம் என்ற கிராமத்தைப் பூர்விகமாகக் கொண்ட பாட்டனாரின் பேத்தி கமலா ஹாரிஸ் அதில் கலந்துகொண்டபடியால், நாங்களும் சற்று ஊன்றியே பார்த்தோம். நோய்த்தொற்றைத் தடுக்க அபேட்சகர்களின் பக்கத்தில் கண்ணாடித் தடுப்புகளை நிறுத்தியிருந்தீர்கள். அவை கிருமிகளுக்கு ஏற்பட்டவை, மைக் பென்ஸின் குரல் அவற்றைத் தாண்டி வந்தது. நெறியாளர் சூஸன் பேஜ், நன்றி, உப ஜனாதிபதி அவர்களே என்று திரும்பத் திரும்ப வந்தனம் கூறினார். அவரோ வந்தனத்தை ஏற்றுக்கொண்டு மேலே பேசினார். பென்ஸின் தலையில் வந்து அமர்ந்த ஓர் ஈ மட்டும் ஏறக்குறைய இரண்டு நிமிஷத்தில் எழுந்து போயிற்று. கால வரம்பை மதித்ததில் அதற்கு முதலிடம். நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஹாரிஸ் பலமுறை சொன்னார், சொன்னபோதெல்லாம் புன்னகை செய்தார். புன்னகை இல்லாமல் சொல்லியிருந்தால் மறுநாள் பத்திரிகைகளில் என்ன வந்திருக்கும் என்பதை அவர் அறிவார்.

விவாதம் முடிந்ததும் கணக்கெடுத்தவர்கள், இருவரும் பேசிய மொத்த நேரம் ஏறக்குறையச் சமம் என்றார்கள். தங்கள் நடுநிலைக்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. பந்தி முடிந்த பிறகு இரண்டு இலைக்கும் பரிமாறிய சோற்றை நிறுத்துப் பார்த்தால் எடை ஒன்றாகத்தான் இருக்கும். சாப்பிடுகிறபோது ஒருவர் அடுத்த இலையில் கை வைத்தாரா என்பது தராசில் தெரிகிற விஷயமல்ல.

2024 செப்டம்பர் 10ந் தேதி பிலடெல்பியா விவாதத்தைத் தங்களை ஒதுக்கிவிட்டு ஏபிசி நிலையத்தார் நடத்தினார்கள். ஆயினும் தாங்கள் காட்டிய வழியிலேயே ஒலிவாங்கியை அடைக்கும் விதியை வைத்துக்கொண்டார்கள். விசித்திரம் என்னவெனில், இம்முறை ஹாரிஸ் தரப்பார் அந்த விதியை வேண்டாமென்று மன்றாடினார்கள். எதிராளி குறுக்கிடட்டும், தேசம் அதைக் காதாரக் கேட்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. டிரம்பைச் சேர்ந்தவர்கள், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விதி மாறலாகாது என்றார்கள். விதி மாறவில்லை. அந்த அம்மையாருக்கு ஒலிவாங்கியை அடைக்கும் பொத்தான் தேவைப்பட்ட வருஷத்தில் பொத்தான் இல்லை. தேவையில்லை என்று அவர் சொன்ன வருஷத்தில் தவறாமல் கிடைத்தது. போதாக்குறைக்கு, இப்போது நான் பேசிக்கொண்டிருக்கிறேன், கேட்டமாதிரி இருக்கிறதா என்று டிரம்ப் அவரைப் பார்த்தே கேட்டார்.

உபசாரப் பத்திரத்தின் இறுதியில் பிரார்த்தனை ஒன்று வைப்பது வழக்கம். எங்களுடையது அற்பமானது, தங்கள் அலமாரியில் உள்ள கணக்குகளைப் புரட்டினால் முடியக்கூடியது. ஸால்ட் லேக் நகரத்தில், நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்கே ஹாரிஸுக்குச் செலவான விநாடிகள், அவருடைய நேரத்தில் பற்று எழுதப்பட்டிருக்கின்றனவா, அல்லது பென்ஸுடைய நேரத்திலா என்பதை மட்டும் பார்த்து எழுதுமாறு கோருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நடுநிலையின் நெடுநாள் ரசிகர்கள்