திருடப் போற பேரனுக்குத் தாத்தன் யோசனை

ஏண்டா பேராண்டி, பெங்களூர்ல இருந்து லீவுல வந்தவன், களி தின்ன கைகூடக் காயல, அதுக்குள்ள செல்லுக்குள்ள பூந்துட்டே. நானும் பக்கத்துல குந்திப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். 'கொலம்போ'வாம், 1971-ல அமெரிக்காக்காரன் டிவியில ஓடுனதாம். ஓவியத்தைப் பத்தி விமர்சனம் எழுதற பெரிய மனுசன், சொந்த மாமனையே சுட்டுப்புட்டு டேகா வரைஞ்ச ரெண்டு ஓவியத்தைச் சுருட்டிக்கறான். பழியைத் தூக்கி மாமனோட பழைய சம்சாரம் தலையில போடறான். "என்னா மூளை தாத்தா!"ன்னு நீ தொடையைத் தட்டறே.

கலைப்பொருள் திருடத் துப்பாக்கி எதுக்குடா, மடையா? அந்தத் தொழிலுக்குப் போறதா இருந்தா தாத்தன் யோசனையக் கேட்டுட்டுப் போ.

முதல்ல, ஊரே மறந்துபோன கோயிலாப் பாரு. அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான்னு ஒரு ஊரு. சோழர் காலத்துச் சிவன் கோயில், பூசை நின்னுபோய்ப் பூட்டிக் கெடந்துச்சு. 2006-ல உள்ள பூந்து, நாலடிக்கு மேல நிக்கற நடராசரையே தூக்கிட்டாங்க. சாமி இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சது 2008-ல. ரெண்டு வருசமா வெத்துக் கோயிலைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனவங்க எத்தனை பேரோ! கயித்தைக் கட்டி எறங்கவும் வேணாம், கண்ணாடிய அறுக்கவும் வேணாம். ஊருசனம் எட்டிப் பாக்காம இருந்தாப் போதும், பாதி வேலை முடிஞ்சுது.

மீதிப் பாதிக்குக் காயிதம் வேணும். 'இப்பச் செஞ்ச கைவினைப் பொருள்'னு எழுதிக் கப்பல்ல ஏத்திரு. அங்க நியூயார்க்குல சுபாஷ் கபூர்னு ஒருத்தர் கடை போட்டு ஒக்காந்திருந்தாரு. சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி குடும்பம் 1970-லயே டெல்லியில வாங்குனதுன்னு ஒரு சீட்டும் ரெடி. ஏன் 1970? பழஞ்சாமான வெளிநாட்டுக்குக் கொண்டுபோறதை இறுக்கிப் பிடிச்ச நம்ம சட்டம் வந்தது 1972-ல, அதான். அந்தச் சீட்டை நம்பி, ஆஸ்திரேலியா கான்பெராவுல இருக்கற தேசியக் கலைக்கூடத்துக்காரங்க 50 லட்சம் டாலருக்கு வாங்கிக் காட்சிக்கு நிக்க வெச்சாங்க. படிச்சவங்கடா! நம்ம பாலக்கோடு சந்தையில மாடு வாங்கறவன்கூடப் பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் துண்டுக்குள்ள கைய விட்டு விலை பேசுவான்.

மாட்டுனது எப்படின்னு கேளு. உன் கதையில அந்தக் கசங்கின கோட்டுப் போட்ட போலீசுக்காரன் என்னா பண்ணான்? திருடன் ஓவியத்தைப் பையில மறைச்சு எடுத்துட்டு வந்தப்பவே மெள்ளத் தொட்டு வெச்சுட்டான். கடைசியில ஓவியத்துல இருந்தது போலீசுக்காரன் கைரேகை. இப்பத்தான் தொட்டியான்னு திருடன் சீறுனா, பாக்கெட்டுல இருந்து எடுக்கறான் ரெண்டு கையும், உறை மாட்டி! இங்கயும் அதே கூத்துதான். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க ஊரூராப் போயிக் கோயில் சிலையெல்லாம் போட்டோ பிடிச்சு வெச்சிருந்தாங்க. சீட்டுப்படி 1970-லயே சூடான்காரங்க வாங்குன நடராசரு, 1994-ல எடுத்த போட்டோவுல ஸ்ரீபுரந்தான்லயே ஆடிக்கிட்டு இருக்காரு! கபூரை 2011-ல ஜெர்மனியில பிடிச்சாங்க. நடராசரு 2014-ல ஆஸ்திரேலியப் பிரதமரு கையோட நாடு திரும்பிட்டாரு. 2022-ல சிலைக் கடத்தல் கேசு ஒண்ணுல கும்பகோணம் கோர்ட்டு கபூருக்குப் பத்து வருசம் போட்டுச்சு.

கோர்ட்டுன்னதும் ஞாபகம் வருது. சாமியே வழக்குப் போட்ட கதை தெரியுமா உனக்கு? தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூர்ல 1976-ல மண்ணு வெட்டுன கூலிக்காரன் ஒருத்தனுக்கு ஒரு நடராசரு கிடைச்சாரு. கைமாறிக் கைமாறி லண்டன் போயி, ஒரு கனடாக் கம்பெனி வாங்கி, துடைச்சுச் சரிபண்ண பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பி வெச்சிருந்தப்ப போலீசு மடக்கிடுச்சு. அந்த ஊருக் கோயிலும் சிவலிங்கமும் வாதியா நின்னு கேசு நடந்துச்சு. ஜெயிச்சு 1991-ல நாடு வந்து சேந்தாரு. நம்ம ஊர்ல வரப்புத் தகராறே மூணு தலைமுறையா ஓடுது, பாரு.

அந்தக் கேசுக்குச் சாட்சி சொல்லப் போனவரு நாகசாமி. 1970-கள்ல நம்ம தருமபுரிப் பக்கத்து நடுகல்லையெல்லாம் படியெடுத்துப் புத்தகமாப் போட்டுச்சே தொல்லியல் துறை, அதுக்கு அப்ப அவருதான் இயக்குநரு. வேடியப்பன்னு நாம பொங்கல் வெக்கற கல்லுல பாதி அந்த நடுகல் வீரனுங்கதான். மாட்டுத் திருடனைத் துரத்திட்டுப் போயிச் செத்தவனுக்கு நட்ட கல்லுடா அது. அதையே ஒருத்தன் கிணத்து மேட்டுல துணி துவைக்கப் போட்டிருக்கான், இன்னொருத்தன் கொட்டாய்க்குப் படியா வெச்சிருக்கான். வெளியூர்க்காரன் வண்டியில வந்து தூக்கிட்டுப் போனா, "போனது வெறுங் கல்லுதானே"ன்னு நீயே சொல்லுவே.

அதனால காலையில செல்லை எடுத்துட்டு என்கூட ஏரிக்கரைக்கு வா. அங்க இருக்கற நடுகல்லை முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுலன்னு படம் பிடி. வீரன் கையில வாளு, இடுப்புல கத்தி, மேல அழிஞ்சும் அழியாமயும் நாலு வரி எழுத்து, எல்லாம் வெளங்கணும். பக்கத்துல ஒரு முழக்கோல் வெச்சுப் பிடி. தேதி போட்டு மியூசியத்துக்கு ஒண்ணு அனுப்பு.

போன தைக்கும் நீ அங்க படம் பிடிச்சியே, பார்த்தேன். கூலிங் கிளாசும் நீயும் மட்டும் நல்லாத் தெரிஞ்சீங்க. இந்தவாட்டி கொஞ்சம் தள்ளி நில்லுடா சாமி.