கழிக்கக் கழிக்கச் சிறக்கும் ஆல்பம்

ராக் பாடகர் டேவிட் போவி 1987-இல் வெளியிட்ட ‘நெவர் லெட் மீ டவுன்’ ஆல்பத்துக்கு அந்தக் காலத்தில் அநியாயம் இழைக்கப்பட்டது, இப்போதாவது அதற்குரிய இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று சிலர் எழுதிவருகிறார்கள். மனமார வழிமொழிகிறேன். எடுத்த எடுப்பில் யாராலும் இப்படியொரு ஆல்பம் செய்துவிட முடியாது. ‘லோ’, ‘ஹீரோஸ்’ இரண்டையும் ஒரே வருஷத்தில் கொடுத்துவிட்டு, அதன்பின் பத்து வருஷம் கையைப் பழக்கிக்கொண்டவரால்தான் முடியும்.

அதன் கருணையை முதலில் சொல்ல வேண்டும். 1983-இல் வந்த ‘லெட்ஸ் டான்ஸ்’ ஒரு கோடிப் பிரதி விற்று, போவிக்குப் புதுக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்திருந்தது. அவர்களைச் சிந்திக்கவைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதில் இந்த ஆல்பம் குறியாக இருக்கிறது. டிரம்ஸைக் கேளுங்கள். காலியான கல்யாண மண்டபத்தில் இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தினாற்போல ஒவ்வொரு அடியும் விழுகிறது. பாட்டின் வரி என்ன சொல்கிறது என்ற கவலையே நமக்கு வேண்டியதில்லை. பீட்டர் ஃபிராம்ப்டன் போவியின் பள்ளிக்காலத்து நண்பர். அவருடைய அப்பாதான் போவிக்கு ஓவிய வாத்தியார். அப்பேர்ப்பட்ட கிடார்க்காரரை வரவழைத்து, தலைக்கனம் ஏறிவிடாதபடி சின்தசைசர் கூட்டத்துக்கு நடுவில் உட்காரவைத்த பண்பை வேறு எங்கே பார்க்க முடியும்? சிடி வாங்கியவர்களுக்குக் கூடுதல் சலுகை: எல்.பி.யில் சுருக்கமாக இருந்த பல பாட்டுகள் அதில் இன்னும் நீளமாக வந்தன. எல்.பி.யோடு நின்றவர்கள் பாவம், சீக்கிரமே விடுபட்டார்கள்.

‘ஷைனிங் ஸ்டார்’ பாட்டின் நடுவில் நடிகர் மிக்கி ரூர்க் வந்து ராப் பாடுகிறார். 1987-இல் ராப் பாட ஆளா கிடைக்கவில்லை? பப்ளிக் எனமியின் முதல் ஆல்பமும் ராக்கிமின் முதல் ஆல்பமும் வந்த வருஷம் அது. அவர்களுடைய வேலையைக் கெடுப்பானேன் என்று ஒரு சினிமாக்காரரை அழைத்தது போவியின் நல்ல மனசு. ரூர்க் பின்னாளில் குத்துச்சண்டைக்குப் போனார். ராப் உலகம் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டது.

ஆல்பத்தில் ஒரு குறை உண்டு. நடுநிலையோடு அதையும் சொல்லியாக வேண்டும்: ‘டைம் வில் க்ரால்’. 1986 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தில், ஸ்டூடியோவுக்கு வெளியே நல்ல வெயிலில் இருந்தபோது போவிக்குச் செர்னோபில் விபத்துச் செய்தி எட்டியது. அந்தப் பயத்திலிருந்து பிறந்த பாட்டு இது. மெட்டு நிற்கிறது, குரலில் பதற்றம் இருக்கிறது, கேட்டு முடித்த பிறகும் நம்மை விடுவதில்லை. சீராகப் போய்க்கொண்டிருக்கும் ஆல்பத்தில் இப்படித் துருத்திக்கொண்டு நிற்பது முறையா? அசந்தால் நுழைந்துவிடுகிறது போலும், பழைய பழக்கம்.

ஆல்பத்தை ஊருக்கெல்லாம் எடுத்துச் செல்ல ‘கிளாஸ் ஸ்பைடர்’ சுற்றுப்பயணம் கிளம்பியது. மேடைக்கு மேல் அறுபதடி உயரச் சிலந்தி. அதன் வயிற்றுப்பக்கத்திலிருந்து போவி ஒரு நாற்காலியில், கையில் டெலிபோன் ரிசீவரோடு இறங்கி வருவார். பாட்டை யாரும் கவனித்துவிடாமல் பார்த்துக்கொள்ள இதைவிடச் சிறந்த ஏற்பாடு அமையாது. பயணம் நியூசிலாந்தில் முடிந்ததும், அந்தச் சிலந்தியை ஒரு வயலில் போட்டுக் கொளுத்தியதாகவும், அது பெரிய நிம்மதியாக இருந்ததாகவும் அவரே சொன்னார். அவ்வளவு பாசம்.

தன்னடக்கத்திலும் அவர் குறை வைக்கவில்லை. தன் இசை வாழ்க்கையின் அடிமட்டம் இதுதான் என்றார். அதைக் கேட்கும்போது, தான் ஸ்டூடியோவுக்குப் போனோமா என்றே சில நேரம் சந்தேகம் வருகிறது என்றும் சொன்னார். பிறகு பக்தியோடு அதைச் செப்பனிட ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் ஆல்பம் மறுபடி வெளிவந்தபோது ‘டூ டிஸ்ஸி’ என்ற பாட்டையே எடுத்துவிட்டார். ஆல்பம் உடனே மேம்பட்டது. 2008-இல் ‘டைம் வில் க்ரால்’ பாட்டை மட்டும் இசைத் தயாரிப்பாளர் மரியோ மெக்நல்ட்டியிடம் கொடுத்துப் புது டிரம்ஸோடு மாற்றச் செய்தார். அதுவும் மேம்பட்டது. மிச்சத்தையும் இப்படிச் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

2016 ஜனவரியில் போவி இறந்தார். 2018-இல் அதே மெக்நல்ட்டி குரலை வைத்துக்கொண்டு மற்றதில் பெரும்பகுதியை மாற்றினார். டிரம்ஸுக்கு ஸ்டெர்லிங் கேம்ப்பெல், கிடாருக்கு ரீவ்ஸ் கேப்ரல்ஸும் டேவிட் டோர்னும், நரம்பிசைக்கு நிகோ மியூலி. ரூர்க்கின் இடத்தில் லோரி ஆண்டர்சன். விமர்சகர்கள் கேட்டுவிட்டு, உள்ளே நல்ல பாட்டுகள் இருந்திருக்கின்றன என்று ஆச்சரியப்பட்டார்கள். நாம்தான் ஆரம்பத்திலேயே சொன்னோமே! ஆல்பத்தை அப்புறப்படுத்திவிட்டுக் கேட்டால், இது போவியின் தரமான ஆல்பம்தான்.

‘லவிங் தி ஏலியன்’ என்ற தொகுப்புப் பெட்டியில் 1987 வடிவம், 2018 வடிவம் இரண்டுமே இருக்கின்றன. ‘டூ டிஸ்ஸி’ இரண்டிலும் இல்லை. ஆல்பத்துக்கு நியாயம் கேட்கும் நண்பர்கள் அடுத்த போராட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம்.