கதையின்மை அளத்தல்: கரியாஹாட் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

படத்தில் கதை குறையக் குறைய, படத்தைப் பற்றிய பேச்சு நீளும். கொல்கத்தாவின் கரியாஹாட் வாசிகள் நெடுங்காலமாக அறிந்த இவ்விதிக்கு இதுவரை அளவுகோல்தான் இல்லை.

அளவுகோலுக்கு வழி காட்டியவர் சத்யஜித் ராய். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) கதையை ஏழே ஆங்கிலச் சொற்களில் சுருக்கி நையாண்டி செய்தார் அவர். எனவே ஏழு சொல் கொண்டது ஒரு 'ராய்' எனக் கொள்வோம். நம்மூர் மசாலாப் படம் இடைவேளைக்கு முன்பே நூறு ராய் தாண்டும். பஸ் ஓட்டும் கணவனுக்காக மனைவி ரொட்டியோடு காத்திருக்கும் மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' முக்கால் ராய் தேறும்.

அதற்கும் கீழே இறங்கலாம் என்று காட்டியது ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் 'ஜொனாகி'. 2014இல் 'ஆஷா ஜாவார் மாஜே'யில் வசனத்தை ஏறக்குறைய ஒழித்துக்கட்டித் தேசிய விருது வாங்கியவர், 2018இல் ராட்டர்டாம் விழாவுக்குப் போன இந்தப் படத்தில் கதையிலும் கை வைத்தார். கோமாவில் கிடக்கும் எண்பது வயதுப் பெண்ணின் நினைவுகளுக்குள் படம் அலைகிறது. காதலிக்கும் பருவத்திலும் அவள் நடிகை லொலிதா சட்டர்ஜியின் முதிய உடலோடுதான் வருகிறாள். அம்மாவோ மகளைவிட இளையவள்.

இப்படத்துக்கான எதிர்வினைகளைச் சேகரிக்க உகந்த களம் கரியாஹாட் மேம்பாலத்தின் அடிப்பகுதி. மண்குவளைத் தேநீரின் முதல் மிடறில் 'தார்க்கோவ்ஸ்கி' என்கிறார்கள். இரண்டாவதில் 'ரித்விக் கட்டக்'. (கட்டக்கை இழுப்பது முழுத் தவறல்ல, மணி கௌல் புனே திரைப்படக் கல்லூரியில் அவரிடம் படித்தவர்.) மூன்றாவது மிடறில் 'இது புரிந்துகொள்வதற்கல்ல, உணர்வதற்கு' என்று சொல்லிவிட்டு, என்ன உணர்ந்தீர்கள் என்று யாரும் கேட்பதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கேயே சதுரங்கம் ஆடுபவர்கள் தலை நிமிர்வதில்லை. இவர்களை நடுநிலை விமர்சகர்களாகக் கருதலாம்.

சந்தைக்குள் நிலைமை வேறு. இலிஷ் மீனில் சினை இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாசிமா (வங்காளத்துப் பெரியம்மா), 'இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? என் மாமியார் கடைசி மாதங்களில் என்னைத்தான் அம்மா என்று கூப்பிட்டார்' என்றார். சொல்லிவிட்டு மீன் விலைக்குத் திரும்பிவிட்டார். படம் சென்குப்தாவின் பாட்டி கோமாவில் கிடந்த நாட்களிலிருந்து பிறந்தது என்பதால் இக்கருத்து சரியாகவே தோன்றுகிறது. ஆனால் எளிதில் விளங்கிவிடுவதால் இதை ஆய்வில் சேர்க்க இயலவில்லை.

இனி, உறங்கியவர்கள். கோமாவில் இருப்பவளின் கனவைப் பார்க்க வந்து தாமும் கண்ணயர்ந்தவர்களைக் குறைசொல்வது அறிவியலுக்குப் பொருந்தாது. படத்தோடு முழுமையாக ஒன்றியவர்கள் அவர்களே. அவர்களிடம் தனித்தனியே கருத்துக் கேட்கப்பட்டது. ஒளிப்பதிவு பிரமாதம் என்றார்கள் அனைவரும்.