ஜனவரிச் செட்டியார்

பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் கொழித்த காலத்தில், செட்டியார் கணக்கெழுத உட்காருவதே ஒரு பூசை மாதிரி இருக்குமாம். தரையில் பாய், முன்னால் கைப்பெட்டி, ஏட்டின் தலையில் பிள்ளையார் சுழி. அன்றைக்கு வந்ததும் போனதும் அன்றைக்கே சிட்டையில் ஏறும். அங்கிருந்து பேரேட்டுக்குப் போய், கடைசியில் ஐந்தொகையில் வந்து நேர்நிற்கும். சாமிக்கு எடுத்து வைக்கும் மகமைக்குக்கூடத் தனிக் கணக்கு உண்டு.

நான் சொல்ல வந்த செட்டியார் அந்த வம்சம் இல்லை. ஐந்தொகை என்றால் ஐந்து வெள்ளி நோட்டு என்று நினைக்கக்கூடியவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். வருடத்தில் பதினொரு மாதம் உங்களையும் என்னையும் போலச் சாதாரண மனிதர்தான். டிசம்பர் 31ஆம் தேதி இரவு கர்னி டிரைவில் வாணவேடிக்கை பார்த்துவிட்டு, காடியை வெளியே எடுக்க முடியாமல் இரண்டு மணி நேரம் நெரிசலில் நிற்பார் பாருங்கள், அப்போது அவர் மேல் செட்டியார் இறங்கிவிடுவார். விடிந்தால் ஆயர் ஈத்தாம் ஃபிளாட் முழுக்கத் தெரிந்துவிடும்.

மாடிக்கு ஒருவர் இப்படி உண்டு. நான் என் மாடியில் இருக்கும் அண்ணனை வைத்துச் சொல்கிறேன். உங்கள் மாடிக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் அறிகுறி டைரி. செலவைக் குறைக்க வேண்டுமானால் செலவை எழுத வேண்டும், எழுதுவதற்கு நல்ல டைரி வேண்டும், நல்ல டைரி முப்பத்தெட்டு வெள்ளி. லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் காலண்டரோடு ஓசியில் கொடுத்த டைரி வீட்டில் இருக்கிறதே என்று கேட்டேன்.

“ஓசியில வந்ததுக்கு மதிப்பு இருக்காது தம்பி. காசு போட்டு வாங்கினாத்தான் எழுதத் தோணும்.”

அந்த வருடத்தின் முதல் செலவு அந்த டைரியிலேயே முதல் வரியாக ஏறியது: டைரி, 38.00. எட்டிப் பார்த்தேன். அதைச் ‘சேமிப்பு’ என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தார்.

அடுத்தது உண்டியல். கடைத்தெருவில் மண் உண்டியலாகப் பார்த்து வாங்குவார். தகரத்தில் வாங்கினால் திறந்துவிடலாமாம், மண் என்றால் உடைக்க மனசு வராதாம். உடைக்கத்தான் மனசு வராது. பிப்ரவரியில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது, உண்டியலைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டு, வெண்ணெய் தடவும் கத்தியை வாய்க்குள் விட்டு, டாக்டர் தொண்டைக்குள் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கத்தியின் முதுகில் ஒரு ஐம்பது காசு ஏறி உட்கார்ந்தது. மூச்சை அடக்கி, மெதுவாகச் சாய்த்து வெளியே இழுத்தார். அந்தப் பொறுமையில் நூற்றுக்கு ஒரு பங்கைச் செலவழிக்கும்போது காட்டியிருந்தால் கத்திக்கே வேலை இருந்திருக்காது.

தேநீர் விஷயத்தில்தான் அவருடைய மேதைமை முழுதாக வெளிப்படும். ஜனவரி 2, காலை, மாமாக் கடை.

“பாய், தே தாரிக் வேணாம். தே ஓ கோசோங்.”

பாலும் இல்லை, சீனியும் இல்லை. கடைக்காரர் கவலையாகத் திரும்பினார். “என்னண்ணே, சீனி ஏறிடுச்சா?”

“சீனி இல்ல பாய், சேமிப்பு.”

ஒரு கோப்பைக்கு அறுபது காசு மிச்சம். டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டார். நாளுக்கு இரண்டு கோப்பை, 365 நாள். விடை வந்ததும் முகம் மலர்ந்தது. “தம்பி, 438 வெள்ளி! சும்மா தண்ணியா ஊத்திக்கிட்டு இருந்திருக்கோம்.” அந்தச் சந்தோஷத்தில் இரண்டு ரொட்டி தெலூர் சொன்னார். எனக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். அன்றைக்கு மிச்சமானது கழித்து எத்தனை வெள்ளி நட்டம் என்று நான் கணக்குப் போடவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரத்தில் அவர் பாலம் கடந்தார். அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம், ஒரு கடையில் அரிசி மூட்டைக்கு நாலு வெள்ளி மலிவு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பினாங்குப் பாலத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். தீவை விட்டுப் போகும்போது யாரும் காசு கேட்பதில்லை. திரும்பி வரும்போதுதான் பிறாயில் சாவடி, காடிக்கு ஐந்து வெள்ளி எழுபத்து நாலு காசு. ஃபெர்ரியிலும் இதே கதைதான்: தீவுக்கு வரத்தான் டிக்கெட், போக இலவசம். உள்ளே வந்தவன் திரும்பிப் போகும்போது கையில் காசு இருக்காது என்று எந்தக் காலத்திலோ கணக்குப் போட்டு வைத்தவர் பெரிய ஞானி. அண்ணன் போகும் வழியெல்லாம் “பாத்தியா, டோல் இல்ல, ஃப்ரீ” என்று சொல்லிக்கொண்டே போனார். வரும் வழியில் சாவடியில் அட்டையைக் காட்டும்போது மட்டும் பேச்சு நின்றது. பிறகு, “மூட்டையில ரெண்டு வாங்கியிருக்கணும்” என்றார்.

தைப்பூசம் ஜனவரிச் செட்டியாருக்கு வரும் முதல் சோதனை. வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய் மலைமலையாகக் குவியும். நம்மவர்கள் மட்டுமா, சீனர்களும் அள்ளி அள்ளி உடைப்பார்கள். அண்ணனுக்கு ஒரு வேண்டுதல்: இந்த வருடமாவது காசு தங்கினால் நூற்றெட்டுத் தேங்காய். தங்கிய பிறகல்லவா உடைக்க வேண்டும்? அவர் முன்கூட்டியே உடைத்துவிடுவார். “முருகனுக்குச் செய்றது செலவு இல்ல தம்பி, டெபாசிட்.”

டைரியில் எழுத்தும் இதற்குள் நின்றுபோயிருக்கும். ஆனால் செட்டியார் செத்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பினாங்கில் வருடம் ஒரு தடவை மட்டும் பிறப்பதில்லை. ஆங்கில வருடம் தவறினால் தை பிறக்கும். தையும் தவறினால் சீனப் புதுவருடம்; அதற்கும் எட்டு நாள் கழித்து ஹொக்கியன்காரர்கள் கரும்பு கட்டி வானத்து ராஜாவைக் கும்பிடும் ராத்திரி, ‘எங்களுக்கு இதுதான் உண்மையான புதுவருடம்’ என்று அவர்களே சொல்வார்கள். அப்புறம் சித்திரை ஒன்று. அப்புறம் முஸ்லிம்களின் முஹர்ரம். கடைசியாகத் தீபாவளி, புதுக்கணக்கு. இத்தனை வாசல் இருக்கும் ஊரில் ஒருவர் திருந்தாமல் இருப்பதற்குச் சாக்கே கிடையாது. அதே காரணத்தால் இன்றைக்கே திருந்த வேண்டிய அவசரமும் கிடையாது.

அவரைக் குறை சொல்லியே பழகிவிட்ட எனக்கு ஒரு சந்தேகம் அவ்வப்போது வரும். இது அவர் ஒருவர் குணம்தானா? மலாய்க்காரர்கள் நம்மிடமிருந்து வியாபாரச் சொற்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கடை ‘கெடாய்’ ஆயிற்று, முதல் ‘மோடல்’ ஆயிற்று, பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. மிச்சம் மட்டும் போகவில்லை. நம்மிடம் இருந்தால்தானே போகும்.

இதைச் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். “எங்க தாத்தா யார்னு தெரியுமா?” தெரியும். கெடாவில் பால்மரம் வெட்டியவர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, தொழிலாளர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது விளையாட்டில்லை. கொடுத்தார்கள். அந்தக் காசில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. தாத்தா டைரி எழுதவில்லை, அவருக்கு எழுதவே தெரியாது. பங்குப் பத்திரம் சட்டம் போட்டு இன்றும் அண்ணன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அதற்குக் கீழேதான் புது டிவி. பன்னிரண்டு மாதத் தவணை.

உண்மையைச் சொன்னால் அண்ணனிடமும் சேமிப்பு இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் சேர்ந்தது. 1951இலிருந்து இருக்கும் ஊழியர் சேமநிதி, அதாவது இபிஎஃப், சம்பளம் கைக்கு வருமுன்னே நூற்றுக்குப் பதினொன்றைப் பிடித்துக்கொள்கிறது. கண்ணில் படாத காசு, அதனால் பிழைத்துக் கிடந்தது. 2024 மே 11ஆம் தேதி அதற்கும் ஒரு ஜன்னல் திறந்தார்கள். மூன்றாவது கணக்கு ஒன்று, புதிதாக விழும் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேரும், ஐம்பது வெள்ளி இருந்தாலே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு என்றுதான் வைத்தார்கள். அவசரம் என்றால் எது என்பதை அண்ணன் வசம் விட்டதுதான் தவறு. ‘லேலோங்’ என்று பலகை தொங்கினால் அவருக்கு அவசரம். லேலோங்கும் நம் ஏலமும் ஒரே போர்ச்சுகீசியத் தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் தமிழன் கை சட்டைப்பைக்குப் போவது இரத்த பாசம் என்று விட்டுவிடலாம்.

அண்ணியின் கதை வேறு. அண்ணி ‘கூட்டு’ பிடிக்கிறார். ஃபிளாட்டில் பத்துப் பெண்கள், தலைக்கு மாதம் இருநூறு வெள்ளி, குலுக்கலில் பெயர் வருபவருக்கு அந்த மாதத்து இரண்டாயிரம். எதிர்வீட்டு மலாய் அக்கா, மூன்றாம் மாடிச் சீனத்து ஆன்ட்டி எல்லாரும் உண்டு. மலாயில் இதற்குக் ‘குத்து’ என்று பெயர், பேனுக்கும் அந்த மொழியில் அதே சொல்தான். ஜனவரிச் செட்டியாருக்கு இந்தக் கூட்டைக் கண்டால் தலை அரிக்கும்.

“இது சட்டப்படி குத்தம், தெரியுமா? 1971லயே தடை பண்ணிட்டான்.”

அவர் சொல்வது சரிதான். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் ‘கூட்டு’ ஆங்கில எழுத்தில் அப்படியே இருக்கிறது. சீட்டு, சிட் ஃபண்டு, சீனர்களின் ஹுவே எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டிருக்கிறார்கள். காரணமும் இல்லாமல் இல்லை. கூட்டுத் தலைவி ஒருநாள் காசோடு மாயமாகிவிட்டால், கொடுத்தவர்கள் போலீசில் போய் என்னவென்று சொல்வார்கள்? மாயமான கதைகள் இந்தத் தீவிலும் உண்டு. அண்ணனுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம், நான் அந்தக் கூட்டில் சேரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஐந்தாம் தேதி வந்தால் அண்ணி எங்கிருந்தாவது அந்த இருநூறைத் தேடிக் கொண்டுவந்துவிடுவார். டைரியும் கிடையாது, தே ஓ கோசோங்கும் கிடையாது. ஒன்பது பேர் முகத்தில் லிஃப்டில் விழிக்க வேண்டுமே, அவ்வளவுதான். அண்ணனோ டைரிக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும், டைரி லிஃப்டில் வராது.

போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் முறுக்குத் தட்டோடு அவர்கள் வாசலில் போய் நின்றேன். போனஸ் வந்த சுவடு தெரியாமல் போயிருந்தது. அண்ணன் சோபாவின் நுனியில், வாடகைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, இந்த மாசம் கூட்டு உனக்குத்தானே விழுந்துச்சு?”

“ஆமாங்க.”

“ஒரு அறுநூறு வெள்ளி…”

“சட்டப்படி குத்தம்னீங்களே?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “பிடிக்கிறதுதாம்மா குத்தம். கடன் வாங்குறதுக்கு ஒண்ணும் சொல்லல.”

அண்ணி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு டைரியை எடுத்துவந்தார். எனக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. முப்பத்தெட்டு வெள்ளி டைரி. டப்பாவுக்குப் பின்னால் அதேபோல இன்னும் நாலைந்து அடுக்கியிருந்தன, வருடத்துக்கு ஒன்று. பக்கத்தைப் புரட்டினார். முதல் ஒன்பது நாள் அண்ணன் கையெழுத்து, சிவப்புக்கோடு, தலைப்பு, உபதலைப்பு. பத்தாம் நாளிலிருந்து அண்ணியின் கோழிக்கிறுக்கல்: பெயர், தேதி, இருநூறு, ஒரு டிக். பெயர், தேதி, இருநூறு, ஒரு டிக். அக்டோபர் வரைக்கும் ஒரு டிக் தவறவில்லை.

வெற்றுப் பக்கம் ஒன்றில் பிள்ளையார் சுழி போட்டு, ‘அவருக்கு, 600, கடன்’ என்று எழுதி, டைரியை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“மை ஊறவே இல்ல, பாத்தியா தம்பி? தாளுன்னா இதுதான் தாள்.”